யாரோ போட்ட கோட்டு, யாரோ பழக்குன கல்லு

போன இதழ்ல ஒரு பதில் எழுதுறப்ப, நான் பத்து வருஷமா போடுற குளிர் கோட்டு சேரிட்டி ஷாப்ல (ஜனங்க நன்கொடையா குடுக்குற பழைய சாமான வித்து தர்ம காரியத்துக்குப் பணம் சேக்குற கடை) 12 பவுண்டுக்கு வாங்கினதுன்னு போற போக்குல சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த மெயில்ல பாதி "எந்தக் கடைக்கா?", மீதி "எப்படிக்கா மனசு வந்துச்சு?" அதனால இந்த மாசம் முழுக்க அதுதான். நான் லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருக்கேன், நாலு வருஷமா சனிக்கிழமை காலைல பக்கத்துல ஒரு சேரிட்டி ஷாப்ல பின்னாடி ரூம்ல துணி பிரிக்கிற வேலைய சம்பளமில்லாம செய்றேன், அதனால வாங்குறவங்க பக்கமும் தெரியும் விக்கிறவங்க பக்கமும் தெரியும்.

கேள்வி: என் பொண்ணு மான்செஸ்டர்ல படிக்கிறா. போன வாரம் வீடியோ கால்ல ஒரு கம்பளிக் கோட்டு காட்டினா, நல்லாத்தான் இருந்துச்சு. சேரிட்டி ஷாப்ல வாங்கினதாம். செத்துப்போனவங்க துணிகூட அங்க வருமாமே? நான் பணம் அனுப்புறேன் புதுசு வாங்கிக்கோன்னா கேக்க மாட்டேங்கிறா. பீடை எதும் ஒட்டிக்குமோன்னு தூக்கமே வரல.
— ஒரு அம்மா, ஸ்ரீரங்கம்

பதில்: அம்மா, பொய் சொல்லி உங்கள சமாதானப்படுத்த மாட்டேன். வரும். ஒருத்தர் இறந்துபோனா பிள்ளைங்க வீட்டக் காலி பண்ணி பை பையா கொண்டுவந்து வெப்பாங்க, அந்தப் பைய எங்க ரூம்ல தொறந்ததும் தெரிஞ்சிடும், ஒரே ஆளோட அளவு, ஒரே சோப்பு வாசன, கைக்குட்டை எல்லாம் மடிச்சபடியே இருக்கும். ஆனா வர்ற பைல பெரும்பாலானது அப்படி இல்ல, உடம்பு பெருத்துடுச்சு இளைச்சிடுச்சு, வீடு மாறுறாங்க, பிள்ள வளந்துடுச்சு, இதுதான். எது யாரோடதுன்னு வாங்குறவங்களுக்குத் தெரியாது, உங்க பயமும் அங்கதான் இருக்குன்னு புரியுது.

நான் கும்பகோணத்துக்காரி, எங்க வீட்லயும் அடுத்தவங்க போட்டதப் போடக்கூடாதுன்னுதான் சொல்லி வளத்தாங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, உங்க பொண்ணு பொறந்தப்ப அவ மேல பட்ட முதல் துணி என்ன? எங்க வீட்ல தாத்தாவோட பழைய வேட்டி. துவைச்சுத் துவைச்சு பூவாட்டம் ஆன பருத்தி, பச்ச உடம்புல உறுத்தாதுன்னு அதைத்தான் கிழிச்சு வெச்சிருந்தாங்க. புதுத்துணி மொதல்ல போடக்கூடாதுன்னு நல்லா வாழ்ந்த வீட்டுக் குழந்தையோட சட்டைய கேட்டு வாங்கிப் போடுற வழக்கமும் நம்ம பக்கம் உண்டு. அதாவது துணியோட ஒரு மனுஷரோட ஆசீர்வாதமும் வரும்னு நம்புறவங்கதான் நாம. அப்ப பீடை மட்டும்தான் ஒட்டும், நல்லது ஒட்டாதுன்னு எப்படிச் சொல்ல முடியும்?

என் கோட்டு நேவி ப்ளூ, உள்பக்கம் சாட்டின் லைனிங், அஞ்சு பட்டன்ல நாலாவது மட்டும் நிறம் லேசா வேற. யாரோ தொலைச்சிட்டு தேடிப்பிடிச்சு ஒத்த பட்டன் வாங்கித் தெச்சிருக்காங்க, அதுவும் பின்பக்கம் ஒரு குட்டிப் பட்டன் வெச்சு துணி கிழியாத மாதிரி. அவ்ளோ அக்கறையா ஒரு துணிய வெச்சிருந்தவங்களால எனக்கு என்ன கெடுதல் வந்துடப் போகுது. முதல் வருஷம் ஜனவரில காலைல ஆறரைக்கு பஸ் ஸ்டாப்ல நிக்கிறப்ப அந்தக் கோட்டுக்குள்ள இருந்த சூடு எனக்கு ஊர்லேர்ந்து யாரோ வந்து கைய பிடிச்ச மாதிரி இருந்துச்சு, இத நான் மனசார சொல்றேன்.

பொண்ணுகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தக் கடைங்கள்ல துணிய துவைக்க மாட்டாங்க, ஸ்டீமர்னு ஒரு மெஷின் இருக்கு, அதுல ஆவி காட்டி சுருக்கம் எடுத்து மாட்டுவாங்க, அவ்ளோதான். அதனால கம்பளிக் கோட்டுன்னா வீட்டுக்குள்ள மாட்டுறதுக்கு முன்னாடி டிரை க்ளீனிங். கம்பளில அந்துப்பூச்சி முட்டை இருக்கலாம், தோள்பட்டை மடிப்பு காலருக்கு அடில குண்டூசி அளவு ஓட்டை இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கணும், சந்தேகம்னா ப்ளாஸ்டிக் பைல கட்டி ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல வெச்சா பூச்சி செத்துடும். பருத்தித் துணின்னா 60 டிகிரில துவைச்சாப் போதும்.

கேள்வி: அக்கா, மாஸ்டர்ஸ் படிக்க லெஸ்டர் வந்து மூணு வாரம் ஆகுது. ரூம்ல ஒண்ணுமே இல்ல. சேரிட்டி ஷாப்ல எதெல்லாம் வாங்கலாம், எது கூடாது? ஃப்ரெண்ட் ஒருத்தன் சைக்கிளும் ஹெல்மெட்டும் சேத்து பழசுல வாங்கலாம்னு சொல்றான்.
— ஒரு மாணவர்

பதில்: தம்பி, நான் மனசுல வெச்சிருக்குற கணக்கு ஒண்ணுதான். கண்ணால பாத்து கையால கழுவ முடியுற சாமான்னா தயங்காம வாங்கலாம். உள்ள என்ன ஆகியிருக்குன்னு பாக்க முடியாது, ஆனா ஆபத்துல நம்ம உயிரு அதை நம்பித்தான் இருக்குன்னா வேண்டாம். ஹெல்மெட் ரெண்டாவது ரகம். உள்ள இருக்குறது தெர்மாகோல் மாதிரி ஃபோம், ஒரு அடி வாங்கினா நசுங்கி அந்த அடிய தான் ஏத்துக்கும், அதோட அதோட வேலை முடிஞ்சது, மேல ஓடு பளபளன்னு அப்படியே இருக்கும். அதனால நிறைய கடைங்க ஹெல்மெட்ட நன்கொடையாவே எடுக்கிறதில்ல. சைக்கிள் பழசு வாங்குங்க, ஹெல்மெட் புதுசு வாங்குங்க.

சமையல் சாமான்தான் சேரிட்டி ஷாப்போட பொக்கிஷம். எவர்சில்வர் பாத்திரம், கண்ணாடி டப்பா, கரண்டி, தட்டு எதுவும் புதுசு வாங்காதீங்க. முக்கியமா அடி ஷெல்ஃப்ல துருப்பிடிச்சு ஒரு இரும்பு தவா இருக்கும், இங்க உள்ளவங்க துருவப் பாத்ததும் தாண்டிப் போயிடுவாங்க. எடுத்துக் கைல வெயிட் பாருங்க, அடி தட்டையா இருந்து விரிசல் இல்லன்னா உங்க அதிர்ஷ்டம். நான் அப்படி எடுத்தது 3 பவுண்ட். இரும்பு நார் போட்டு தேய்ச்சு, அடுப்புல நல்லா காய வெச்சு, எண்ணெய் தடவி, வெங்காயத்த ரெண்டா வெட்டி அதால தேய்ச்சு, ஊர்ல புதுக்கல்ல பழக்குற மாதிரியே மூணு நாள் பழக்கினேன், நாலாவது நாள் தோசை ஓரம் தானா எழும்பி வந்துச்சு. நம்ம வீட்ல பாட்டி காலத்து தோசைக்கல்லுக்கு அம்மாவும் அத்தையும் போட்டி போடுவாங்களே, பழசுதான் ஒசத்தின்னு நாம ஒத்துக்குற ஒரே சாமான் அதுதான். நான்ஸ்டிக் தவா கீறல் இருந்தா மட்டும் வேண்டாம். பூ வேலைப்பாடு போட்ட ரொம்பப் பழைய பீங்கான் தட்டும் அழகுக்கு வெச்சுக்கோங்க, சாப்பிட வேண்டாம், பழைய கலர்ல ஈயம் இருக்கலாம்.

எலக்ட்ரிக் சாமான் எல்லா சேரிட்டி ஷாப்லயும் இருக்காது, டெஸ்ட் பண்ண ஆளு வேணும். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் மாதிரி சிலருக்கு ஃபர்னிச்சருக்கும் எலக்ட்ரிக்கலுக்கும்னே தனிக் கடை உண்டு. ப்ளக்குல இல்லன்னா வயர்ல பாட் டெஸ்ட் (மின்சாரப் பாதுகாப்பு சோதனை) ஸ்டிக்கர் தேதியோட இருக்கணும். பழசுன்னாலும் கடைல வாங்கின சாமான் ஒழுங்கா வேலை செய்யணும்னு 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்லுது, பழுதுன்னா 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுத்து பணம் கேக்கலாம், ரசீத பத்திரமா வெச்சுக்கோங்க. எலக்ட்ரிக் போர்வை மட்டும் எவ்ளோ சீப்பா கிடைச்சாலும் வேண்டாம், மடிச்சு மடிச்சு வெச்சதுல உள்ள வயர் எங்க விட்டிருக்குன்னு யாருக்கும் தெரியாது, அதுல நாம தூங்குறோம்.

சோஃபா வாங்குனா குஷனுக்கு அடில தெச்ச தீப்பாதுகாப்பு லேபிள் இருக்கான்னு பாருங்க, 1988ல வந்த தீப்பாதுகாப்பு விதி இருக்கு, அதனால அந்த லேபிள் இல்லாத சோஃபாவ நிறைய கடைங்க எடுக்கவே மாட்டாங்க. அப்படியே தையல் ஓரத்த விரல்ல விரிச்சுப் பாருங்க, மிளகுத்தூள் தூவின மாதிரி கரும்புள்ளி இருந்தா மூட்டைப்பூச்சி, அங்கேயே வெச்சிட்டு வந்துடுங்க. மெத்தையும் அதே கதைதான், ஆனா அதுல மனசும் சேருது, நான் வாங்க மாட்டேன். தலகாணி ரஜாய் நிறைய கடைல எடுக்கவே மாட்டாங்க.

இன்னொண்ணு, ஜூன் ஜூலைல படிப்பு முடிச்ச பசங்க ரூமக் காலி பண்ணிட்டுப் போவாங்க, யூனிவர்சிட்டி ஊர்ல அப்பதான் கடைங்க நிரம்பி வழியும். அடுத்த வருஷம் வீடு மாத்துறப்ப அந்த நேரத்துல போங்க.

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாசம். பொறக்கப் போற குழந்தைக்கு எல்லாம் புதுசுதான்னு வீட்டுக்காரர், எல்லாம் பழசு போதும்னு நான். கார் சீட், தொட்டில் கட்டில், துணி எல்லாமே பழசு வாங்கலாமா அக்கா?
— க்ராய்டன் வாசகி

பதில்: ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதிப் பாதி சரி கண்ணு.

கார் சீட் புதுசு. இதுல பேச்சே இல்ல. இந்த ஊர்ல 12 வயசு இல்லன்னா 135 சென்டிமீட்டர் உயரம், எது முதல்ல வருதோ அது வரைக்கும் சீட்டு கட்டாயம், அப்படி ஒரு சட்டம் இருக்குறதே விபத்துல பிள்ளையக் காப்பாத்தத்தான். ஒரு விபத்துல மாட்டின சீட்டு வெளிய பாக்க ஒண்ணும் தெரியாது, உள்ள விட்டிருக்கும். உங்க அண்ணன் வீட்ல இருந்து வருது, வண்டி எங்கயும் இடிக்கல, மேனுவலும் இருக்குன்னா அது வேற, அந்த சீட்டோட முழுக் கதையும் உங்களுக்குத் தெரியும். முகம் தெரியாதவங்ககிட்ட இருந்து வேண்டாம்.

கட்டில் பழசு வாங்கலாம், அளவு டேப் எடுத்துட்டுப் போங்க. கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி 4.5லேர்ந்து 6.5 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், அதுக்கு மேலன்னா தல மாட்டும். பெயிண்ட் உரியுற ரொம்பப் பழைய கட்டில் வேண்டாம், திருகாணி எல்லாம் இருக்கான்னு எண்ணிப் பாருங்க. உள்ள போடுற மெத்தை மட்டும் புதுசு வாங்குங்க, கட்டிலுக்கும் மெத்தைக்கும் நடுவுல ரெண்டு விரலுக்கு மேல போகக் கூடாது. பால் பாட்டில் நிப்பிள் புதுசு.

துணி? ஒரு பைசா புதுசுல போடாதீங்க. மூணு மாச அளவு சட்டை மொத்தம் பத்து தடவ போட்டிருப்பாங்க, எங்க ரூம்ல லேபிள் கழட்டாத துணியே வாராவாரம் வருது. வீட்டுக்காரர் மனசுக்கு, ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு வர்ற அன்னிக்கு ஒரே ஒரு ஜோடி அவர் கையால புதுசு வாங்கட்டும்.

கேள்வி: உள்ளாடை, ஷூ?
— பேர் வேண்டாம், பர்மிங்காம்

பதில்: போட்ட ஜட்டி, சாக்ஸ் கடைக்கு வந்தா நாங்க நேரா ராக் பைல (விக்க முடியாத துணிய போடுற பை) போட்டுடுவோம், ரேக்குக்கு வராது. பிரா சில கடைல விக்கிறாங்க, வாங்குறவங்களும் இருக்காங்க. நீச்சல் உடையையும் தொட்டுப் பாத்துட்டு வெச்சிட்டுப் போறவங்க ரொம்ப, இதுல நம்ம ஆளு வெள்ளக்காரங்கன்னு வித்தியாசமே இல்ல, உடம்புக்கு எவ்ளோ கிட்ட போகுதோ அவ்ளோ தயக்கம். ஷூல எனக்கு தயக்கத்த விட வேற காரணம், ஒருத்தர் நடந்து நடந்து அடிப்பாகம் அவங்க பாதத்துக்குத் தேஞ்சிருக்கும், நம்ம முட்டிக்கு வலி. குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். புதுசா தெரியுற மலையேறுற ஷூன்னா அடிய வளைச்சுப் பாருங்க, வருஷக்கணக்குல பெட்டில இருந்த ரப்பர் மாதிரி சோல் பொடிப்பொடியா உதிரும்.

கேள்வி: ஐடில வேலை, நல்ல சம்பளம். எனக்கு அந்தக் கடைங்களுக்குப் போறது பிடிக்கும், ஆனா கஷ்டப்படுறவங்களுக்குக் கிடைக்க வேண்டியத நாம போய் எடுத்துக்கிறோமோன்னு உறுத்துது. கூட வேலை பாக்குற நம்ம ஊர் பொண்ணு ஒருத்தி ஒருநாள் அங்க என்னப் பாத்துட்டு, "பணக் கஷ்டமா?"ன்னு வேற கேட்டுட்டா.
— ரெடிங் வாசகி

பதில்: உறுத்துறதே நல்ல மனசு. ஆனா இது அன்னதானப் பந்தி இல்லம்மா, நாம உக்காந்தா இன்னொருத்தருக்கு இல்லன்னு ஆக. கடையோட நோக்கமே வித்துப் பணமாக்குறதுதான். 1942ல போர் நடக்குறப்ப கிரீஸ்ல பட்டினி கிடந்தவங்களுக்கு உணவு அனுப்பணும்னு ஆக்ஸ்ஃபோர்ட்ல கூடின கமிட்டிதான் ஆக்ஸ்ஃபாம், பின்னாடி அந்த 1940கள் முடியுறதுக்குள்ள பிராட் ஸ்ட்ரீட்ல கடையும் தொறந்தாங்க. இன்னிக்கு இந்த நாட்ல சுமார் 10,000 சேரிட்டி ஷாப் இருக்கு, புற்றுநோய் ஆராய்ச்சி, இதய நோய், குழந்தைங்க, வீடில்லாதவங்கன்னு ஒவ்வொண்ணுக்கும். நீங்க 6 பவுண்டுக்கு வாங்குற சட்டை அங்கதான் போகுது.

வர்றதுக்கும் விக்கிறதுக்கும் உள்ள வித்தியாசத்த நான் வாராவாரம் பாக்குறேன். நிறைய கடைல விலைச்சீட்டுல வாரம் எண் போட்டிருக்கும், ரெண்டு மூணு வாரத்துல போகலன்னா ரேக்லேர்ந்து எடுத்து வேற கடைக்கு அனுப்புவாங்க, அங்கயும் போகலன்னா ராக் பை. அத கிலோ கணக்குல பழந்துணிக்காரங்க பென்ஸுக்கு வாங்கிட்டுப் போவாங்க. பழந்துணி மூட்டை கப்பலேறி கானா நாட்டு அக்ராவுல கண்டாமண்டோ சந்தைக்குப் போகும், அங்க அதுக்குப் பேரு ஒப்ரோனி வாவு, செத்த வெள்ளக்காரன் துணின்னு அர்த்தம், ஸ்ரீரங்கத்து அம்மா பயந்த அதே பேரு. நம்ம பானிபட்டுக்கும் உலகத்துப் பழைய கம்பளியெல்லாம் வந்து, பிரிச்சு நூலாக்கி போர்வையா நெய்யுறாங்க. அக்ராவுல நல்லதப் பொறுக்கி தெச்சு வித்துப் பிழைக்கிறவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, ஆனா மூட்டைல விக்க முடியாத கிழிசலும் வந்து கடற்கரைல குவியுது, அதப் படத்துல பாத்ததுலேர்ந்து எனக்கு மனசு ஆறல. நீங்க இங்கயே ஒரு சட்டைய எடுத்து அஞ்சு வருஷம் போட்டா அந்த மூட்டைல ஒண்ணு குறையுது. தாராளமா போங்க. ஒண்ணு மட்டும் என் பழக்கம், ஆகஸ்ட் கடைசில ஸ்கூல் யூனிஃபார்ம், குழந்தைங்க குளிர் ஜாக்கெட் பக்கம் நான் கை வைக்கிறதில்ல. அந்த ரேக்குக்கு முன்னாடி பர்ஸ எண்ணிப் பாக்குற அம்மாக்களப் பாத்திருக்கேன்.

அந்தப் பொண்ணு கேட்டதுக்கு வருத்தப்படாதீங்க. தெருவுல பாத்திரக்காரர் வந்தா பழைய பட்டுச்சேலையும் பேண்ட்டும் போட்டு எவர்சில்வர் டப்பா வாங்கின வீடுகள்லேர்ந்துதான் நாம எல்லாரும் வந்திருக்கோம், அந்தத் துணி எங்க போச்சு, யாரு போட்டாங்கன்னு அப்ப கேக்கல. அடுத்த தடவ அவளையும் கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: அக்கா, நான் ஹரோவில இருக்கிறன். அம்மா மாசியில காலமாயிட்டா. அவவின்ர சீலையள் நாப்பது நாப்பத்தைஞ்சு கிடக்கு. கூறைச் சீலைய நான் வச்சிருக்கப் போறன், மற்றதுகள என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல. சரிட்டி கடையில குடுத்தா ஆரும் வாங்குவினமோ, இல்லாட்டி எறிஞ்சு போடுவினமோ? குடுக்கவும் மனம் வரேல்ல, அலுமாரியத் திறக்கவும் ஏலாமக் கிடக்கு.

பதில்: தங்கச்சி, உங்க கடிதத்த ரெண்டு மூணு தடவ படிச்சேன். மாசிக்கு இன்னும் வருஷம் திரும்பல, அவசரமே இல்ல. அலமாரி அப்படியே கிடக்கட்டும், யாரும் கேட்டா சொல்லிக்கலாம்.

குடுக்கணும்னு தோணுறப்ப, கடைய பாத்துக் குடுங்க. சேலை என்னன்னே தெரியாத ஊர்ல குடுத்தா ராக் பைக்குப் போக நிறைய வாய்ப்பு. ஹாரோ, வெம்ப்ளி, டூட்டிங், எங்க ஈஸ்ட் ஹாம் மாதிரி நம்ம ஆளுங்க இருக்குற இடத்துல மேனேஜர்கிட்ட மொதல்ல கேளுங்க, "சேலை விக்குமா?"ன்னு. எங்க கடைல விக்கிது. போன தீபாவளிக்கு முன்னாடி ஒரு பச்சைப் பட்டு வந்துச்சு, முந்தானை ஓரத்துல குங்குமம் பட்ட ஒரு விரல் தடம், கழுவியும் போகல. கறைன்னு எடுத்து வெச்சிடலாமான்னு நான் நிக்கிறப்பவே வயசான ஒரு அம்மா பாத்துட்டு, கைய அது மேல வெச்சு, "இருக்கட்டும், மங்களம்தானே"ன்னு வாங்கிட்டுப் போனாங்க. எல்லாமே அப்படிப் போகும்னு வாக்குக் குடுக்க முடியாது, நைலக்ஸ் மாதிரி சேலைங்க திரைச்சீலை தெக்க, ஸ்கூல் நாடகத்துக்கு உடை தெக்கன்னு துணிக்காகவே வாங்குறவங்ககிட்டயும் போகுது.

ரவிக்கைய அதது சேலையோட சேத்து குண்டூசி இல்லாம நாடாவால கட்டிக் குடுங்க, பிரிஞ்சா ரெண்டும் வீணாப்போகும். பூச்சி உருண்டை வாசம் போக ரெண்டு நாள் கொடில போடுங்க. நீங்க வருமான வரி கட்டுறவங்கன்னா கிஃப்ட் எய்ட் ஃபார்ம்ல கையெழுத்துப் போடுங்க, வித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கம் அந்த சேரிட்டிக்கு 25 பென்ஸ் சேத்துக் குடுக்கும், உங்க பைல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, பின்னாடி உங்க பைல இருந்தது எவ்ளோவுக்குப் போச்சுன்னு தகவல் அனுப்புவாங்க. அம்மா சேலை ஒரு பவுண்டாவது யாருக்கோ ஆச்சுன்னு எழுத்துல வர்றது சிலருக்கு ஆறுதலா இருக்குன்னு கேட்டிருக்கேன்.

கட்டி வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சேலையையும் முழுசா பிரிச்சு உதறிப் பாருங்க. எங்க ரூம்ல மடிப்புக்குள்ள இருந்து பத்துப் பவுண்ட் நோட்டு, கோயில் திருநீறு பொட்டலம், பேரப்பிள்ளையோட பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோன்னு எடுத்திருக்கோம், திருப்பிக் குடுக்க ஆள் தெரியாம மேனேஜர் மேஜைல கிடக்கும். அம்மாக்கள் சேலை மடிப்புலதான் எல்லாத்தையும் வெப்பாங்க.